பிடிக்கிறது சுலபம், விடுறதுதான் கஷ்டம்: பிரேக் கேலிப்பரின் 120 வருஷக் கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கு.)

இந்த எபிசோடு பிரேக்கைப் பத்தினது. "பிரேக் பிடிக்கல"ன்ற கதை இல்ல. அதுக்கு நேரெதிர் கதை: பிடிச்ச பிரேக் விடாம நிக்கிறது. காலை எடுத்தாச்சு, பெடல் மேல வந்தாச்சு, ஆனா ஒரு சக்கரத்துல மட்டும் பேட் டிஸ்க்கை உரசிக்கிட்டே இருக்கு. மெக்கானிக் பாஷையில "கேலிப்பர் ஜாம்".

கதைக்கு ஒரு ஊர் வேணும்ல? அயோத்தியாப்பட்டணத்தை எடுத்துக்கலாம். சேலத்துலேர்ந்து கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர். கோதண்டராமர் கோயிலால பேர் தெரிஞ்ச ஊர். ஆனா பிரேக்கைப் பத்திப் பேசுறவங்களுக்கு இந்த ஊர் இன்னொரு காரணத்துக்காக முக்கியம். ஒண்ணு, சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையில இங்க ஒரு ஸ்டேஷன் இருக்கு. ரெண்டு, ஆத்தூர் வழியா உளுந்தூர்பேட்டை போற நெடுஞ்சாலை இதைத் தொட்டுப் போகுது. லாரிக்குக் குறைவே இல்ல. மூணு, அரூர் ரோடு இங்கதான் பிரியுது. அந்தப் பக்கம் போனா குப்பனூர். குப்பனூர்லேர்ந்து ஏற்காட்டுக்கு ஒரு மலைப்பாதை ஏறுது. 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற மெயின் ரோட்டுல மழைக்கு மண் சரிஞ்சா, வண்டிகளை இந்தப் பக்கமாத்தான் திருப்பி விடுவாங்க.

ஆக ரயில், லாரி, மலையிறங்கி வர்ற கார்னு மூணு வகைச் சக்கரமும் ஒரே ஊர்ல. மூணுக்கும் பிரேக் வேற வேற. ஆனா மூணுலயும் நூறு வருஷத்துக்கு மேல இன்ஜினியர்களைத் தூங்க விடாத கேள்வி ஒண்ணுதான்: பிடிச்சதை எப்படி விட வைக்கிறது? பிரேக்கோட வரலாறுன்னா எவ்வளவு அழுத்தமாப் பிடிக்கிறதுன்றதோட வரலாறுன்னு நாம நினைச்சுக்கிறோம். அதுல பாதிதான் உண்மை. மிச்சப் பாதி, விடுறதோட வரலாறு.

ரயில் கத்துக்கொடுத்த முதல் பாடம்

1869-ல அமெரிக்காவுல ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்றழுத்த பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு பெட்டி மேலயும் ஆள் ஏறி, கையால சக்கரத்தைச் சுத்தி பிரேக் போடணும். வெஸ்டிங்ஹவுஸோட முதல் டிசைன் ரொம்ப நேரடியானது: குழாய்ல காற்றை அனுப்பு, பிரேக் பிடிக்கும். ஆனா நடுவுல குழாய் பிஞ்சுபோச்சுன்னா மொத்த ரயிலுக்கும் பிரேக் இல்ல.

1872-ல அவர் அதைத் தலைகீழாத் திருப்பினார். குழாய்ல காற்றழுத்தம் இருக்கிற வரைக்கும் பிரேக் விட்டிருக்கும். அழுத்தம் போச்சுன்னா தானாப் பிடிச்சுக்கும். அதாவது பிடிக்கிறதுதான் இயல்பு நிலை. விடுறதுக்குத்தான் சக்தி வேணும். நம்ம பாஷையில சொன்னா ஃபெயில்-சேஃப் டிசைன். இந்திய ரயில்கள்ல ரொம்ப காலம் இருந்த வேக்கம் பிரேக்கும் இதே தர்க்கம்தான்: வெற்றிடம் இருந்தா விடும், காற்று உள்ள புகுந்தாப் பிடிக்கும். நெடுஞ்சாலையில போற கனரக லாரியோட பின் சக்கரத்துல இருக்கிற ஸ்பிரிங் பிரேக்கும் அதே கதை. காற்று டேங்க் காலியானா உள்ள இருக்கிற பெரிய ஸ்பிரிங் தள்ளிப் பிடிச்சுக்கும். லாரி நடுரோட்டுல நின்னுடும். டிரைவருக்குக் கடுப்புதான், ஆனா வண்டி உருண்டு போகாது.

இதுக்கு ஒரு விலை இருக்கு. விடுறதுக்குச் சக்தி வேணும்னு வெச்சா, சில நேரம் அரைகுறையா விடும். ரயில்வேயில இதுக்குத் தனிப் பேரே இருக்கு: பிரேக் பைண்டிங். "ஓடும் ரயிலில் புகை, பயணிகள் அலறல்"னு செய்தி படிச்சிருப்பீங்க. அதுல நிறைய நேரம் தீ கிடையாது. ஏதோ ஒரு பெட்டியில பிரேக் விடாம உரசிக்கிட்டே வந்திருக்கும். அப்ப உரசுற சக்கரம் பழுக்கச் சூடாகும், பிளாக் கருகும், புகை வரும். அயோத்தியாப்பட்டணத்துல கார் கேலிப்பர் ஜாமாகி வர்ற கருகல் வாசனைக்கு இதுதான் மூத்த அண்ணன்.

லான்செஸ்டரோட செம்புத் தகடு

இப்ப டிஸ்க் பிரேக். 1902-ல பர்மிங்ஹாம்ல ஃபிரெடெரிக் லான்செஸ்டர் இதுக்குக் காப்புரிமை எடுத்தார். சக்கரத்தோட சுத்துற ஒரு மெல்லிய தட்டு, அதை ரெண்டு பக்கமும் கவ்வுற தாடை. இன்னைக்கு உங்க பைக் முன் சக்கரத்துல இருக்கிறதோட தாத்தா.

ஆனா தாடையில என்ன பொருள் வைக்கிறதுன்றது பெரிய தலைவலி. அவர் செம்பு வெச்சார். உலோகத்து மேல உலோகம். கிறீச்சுன்னு சத்தம், அதோட அந்தக் காலத்துப் புழுதி ரோட்டுல சீக்கிரம் தேய்மானம். ஹெர்பர்ட் ஃபிரூட்னு ஒருத்தர் பிரேக்குக்கு உராய்வுப் பொருள் செஞ்சு விக்கிற தொழில்ல இறங்கியிருந்தார். அவர் ஆரம்பிச்ச கம்பெனிதான் ஃபெரோடோ. அவர் பேர்ல இருக்கிற எழுத்துகளை மாத்திப் போட்டு ஒரு எழுத்தைக் கூட்டினா அந்தப் பேர் வரும். அவரோட ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பொருள் வந்தபிறகு சத்தம் அடங்குச்சு. ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலுக்கு என்ன பண்ணும்னு உலகம் புரிஞ்சுக்கப் பல பத்தாண்டு ஆச்சு. அது தனி எபிசோடுக்கான விஷயம்.

அப்பவும் டிஸ்க் ஜெயிக்கல. அதே 1902-ல பிரான்ஸ்ல லூயி ரெனோ கொண்டுவந்த டிரம் பிரேக் அடுத்த அரை நூற்றாண்டை ஆண்டுச்சு. ஏன்? நிறைய காரணம். நமக்கு வேண்டிய காரணம் ஒண்ணு: டிரம்முக்குள்ள ரெண்டு ஷூவையும் இழுத்துக்கட்டி வைக்க வலுவான ஸ்பிரிங் இருக்கு. கால் எடுத்ததும் ஸ்பிரிங் ஷூவைப் பின்னாடி இழுத்துடும். விடுறதுக்குன்னே ஒரு ஆள் உள்ள சம்பளத்துக்கு உக்காந்திருக்கார்னு வெச்சுக்கங்க. டிஸ்க்ல அப்படி ஒரு ஆள் கிடையாது.

எண்ணெய் வந்த கதை, ஆமணக்கு வழியா

காலோட அழுத்தத்தைச் சக்கரத்துக்கு எப்படிக் கொண்டு போறது? ஆரம்பத்துல கம்பியும் கேபிளும்தான். நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு இழுக்காது. மால்கம் லோஹெட் 1917-ல ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். பின்னாடி அந்தக் குடும்பப் பேரோட எழுத்துக்கூட்டல் மாறித்தான் லாக்ஹீட் ஆச்சு. 1921-ல டியூசன்பர்க் கார் நாலு சக்கரத்துலயும் ஹைட்ராலிக் பிரேக்கோட வந்துச்சு.

ஆரம்ப கால சிலிண்டர்கள்ல கசிவைத் தடுக்கத் தோல் வாஷர் இருந்துச்சு, கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அப்புறம் ரப்பர் கப் வந்துச்சு. ரப்பர் வந்ததும் புதுக் கேள்வி: எந்த எண்ணெய் ஊத்துறது? பெட்ரோலியத்துலேர்ந்து வர்ற எண்ணெய் பட்டா அந்த ரப்பர் ஊறி உப்பிடும். அதனால பல காலம் பயன்பட்டது ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த கலவை. ஆமணக்கு எண்ணெய் ரப்பரைக் கெடுக்காது, ஆல்கஹாலோட நல்லாக் கலக்கும்.

இங்க சேலத்துக்காரங்க நிமிர்ந்து உக்காரலாம். அயோத்தியாப்பட்டணத்துலேர்ந்து ஆத்தூர் ரோட்டுல போனா ஏத்தாப்பூர் வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் அங்கதான் இருக்கு. உலகத்து கார்களை நிறுத்தின எண்ணெயோட செடி நம்ம மானாவாரிக் காட்டுச் செடிதான்.

இன்னைக்கு நாம ஊத்துற பிரேக் ஆயில் ஆமணக்கு இல்ல, கிளைக்கால் வகை. டாட் 3, டாட் 4னு டப்பாவுல போட்டிருக்கும். ரப்பர் விஷயத்துல பழைய விதி இன்னும் மாறல: பிரேக் ஆயில்ல ஒரு மூடி இன்ஜின் ஆயில் கலந்தாலும் சீல் எல்லாம் உப்பும். உப்பின சீல் பிஸ்டனை விடாது. இதை மனசுல வெச்சுக்கங்க, ரிப்பேர் பகுதியில திரும்ப வரும்.

முதல் பெரிய ஜாம்: கிராஸ்லி, 1949

வரலாற்றுல கேலிப்பர் ஜாம் பிரச்சினையால தோத்த ஒரு கார் இருக்கு. அமெரிக்காவுல பவல் கிராஸ்லின்னு ஒரு தொழிலதிபர். ரேடியோ வித்துப் பெரிய ஆளானவர். சின்ன கார், குறைஞ்ச விலைன்றது அவர் கனவு. 1949 மாடல்கள்ல நாலு சக்கரத்துலயும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வெச்சார். விமானத்துக்குன்னு உருவான டிசைன் அது. பேப்பர்ல பார்த்தா பெரிய பெரிய கம்பெனிகளை விட முன்னாடி.

விமானம் ஹேங்கர்ல தூங்கும். கார் தெருவுல தூங்கும். பனிக்காலத்துல அமெரிக்க ரோடுகள்ல உப்பு தூவுவாங்க. உப்புத் தண்ணி கேலிப்பருக்குள்ள போய் அரிச்சு, பிரேக் ஒட்டிக்க ஆரம்பிச்சுது. பிரேக் நல்லாப் பிடிச்சுது, விடத்தான் இல்ல. அடுத்த வருஷமே கம்பெனி டிரம்முக்குத் திரும்பிடுச்சு. 1952-ல கார் தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. அதுக்கு வேற காரணங்களும் உண்டு; ஆனா பேர் கெட்டதுல பிரேக்குக்கும் பங்கு இருக்கு.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இந்தக் கதை பழகினதா இருக்கும். டெஸ்ட் சூழல்ல அருமையா ஓடும். ப்ரொடக்ஷன்ல மழை, உப்பு, சேறு.

ஒரு ரப்பர் வளையத்தோட புத்திசாலித்தனம்

டிஸ்க்கோட வெற்றி பந்தயத்துலேர்ந்து வந்துச்சு. 1953 லு மான் 24 மணி நேரப் பந்தயத்துல டங்கன் ஹாமில்டனும் டோனி ரோல்ட்டும் ஓட்டின ஜாகுவார் சி-டைப் ஜெயிச்சுது. அதுல டன்லப் டிஸ்க் பிரேக். சராசரி வேகம் மணிக்கு சுமார் 170 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்துல சராசரி 100 மைலைத் தாண்டின முதல் வெற்றி அதுதான். மத்தவங்க வளைவுக்கு ரொம்ப முன்னாடியே பிரேக் அடிக்கணும். ஜாகுவார் கடைசி நொடியில அடிச்சு வளைஞ்சது. 1955-ல சிட்ரோயன் டி.எஸ். வந்துச்சு, 1956-ல கிர்லிங் டிஸ்க்கோட டிரையம்ஃப் டி.ஆர்.3. அப்புறம் டிஸ்க் சாதாரண கார்களுக்கும் இறங்குச்சு.

விடுற பிரச்சினையை டன்லப் எப்படித் தீர்த்துச்சு? அந்தக் கால ஜாகுவார் கேலிப்பர் சிலிண்டரைக் கழட்டினா பிஸ்டனுக்குள்ள ஒரு சின்ன உலோகப் பின், அதைக் கவ்வுற புஷ், ஒரு ஸ்பிரிங் இருக்கும். பெடலை விட்டதும் இந்த ஏற்பாடு பிஸ்டனைக் கொஞ்சூண்டு பின்னாடி இழுக்கும். எவ்வளவு? கால் மில்லிமீட்டர்கூட இல்ல. அதுக்கு மேல இழுத்தா அடுத்த தடவை பெடல் ஆழமா இறங்கும். குறைவா இழுத்தா உரசும். அந்த மெல்லிய இடைவெளிதான் டிஸ்க் பிரேக்கோட உயிர்.

அடுத்து வந்த தீர்வு இன்னும் எளிமை. பின்னும் வேண்டாம் ஸ்பிரிங்கும் வேண்டாம். ஒரு ரப்பர் வளையம் போதும். சாதாரண ஓ-ரிங் மாதிரி உருண்டையா இருக்காது. வெட்டிப் பார்த்தா சதுரமா இருக்கும். பிஸ்டன் வெளிய தள்ளும்போது இந்தச் சதுர ரப்பர் அதோட ஒட்டிக்கிட்டு லேசா முறுக்கிக்கும். அழுத்தம் போனதும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துட்டு வரும். பேட் தேயத் தேய, பிஸ்டன் ரப்பரைத் தாண்டி வழுக்கி முன்னாடி நகர்ந்து புது இடத்துல உக்காரும். ஆக ஒரே வளையம் மூணு வேலை பார்க்குது: எண்ணெய் கசியாமத் தடுக்குது, பிஸ்டனைத் திருப்பி இழுக்குது, தேய்மானத்துக்கு ஏத்தபடி தானா அட்ஜஸ்ட் பண்ணுது.

மூணு வேலையை ஒரே பாகத்துக்குக் கொடுத்தா என்ன ஆகும்? அது கெட்டா மூணும் கெடும்.

அடுத்த மாற்றம் விலையைக் குறைக்க வந்துச்சு. ரெண்டு பக்கமும் பிஸ்டன் வைக்கிறதுக்குப் பதில் ஒரு பக்கம் மட்டும் வை. மொத்தக் கேலிப்பரும் ரெண்டு பின் மேல வழுக்கி நகரட்டும். உள் பேடைப் பிஸ்டன் தள்ளும், எதிர்வினையில கேலிப்பர் நகர்ந்து வெளிப் பேடை இழுத்துக்கும். இதுதான் ஃப்ளோட்டிங் கேலிப்பர். இன்னைக்கு ஓடுற பெரும்பாலான கார், பைக்ல இதுதான். இடமும் மிச்சம், காசும் மிச்சம். ஆனா ஒட்டிக்க இன்னொரு இடம் உருவாயிடுச்சு: அந்த ரெண்டு பின்.

பாடி வழியா நம்ம ஊருக்கு

இந்தியாவுக்கு இந்தத் தொழில்நுட்பம் வந்த வாசல்கள்ல முக்கியமானது சென்னை பாடி. 1911-ல மதுரையில தொழிலை ஆரம்பிச்ச டி.வி.சுந்தரம் அய்யங்காரோட குடும்பத்து நிறுவனங்கள் 1962-ல ரெண்டு முக்கியமான அடி எடுத்து வெச்சாங்க. பிரிட்டனோட லூகாஸ் கூட்டுல பிரேக்ஸ் இந்தியா. கிளேட்டன் டிவாண்டர் கூட்டுல சுந்தரம் கிளேட்டன். முதலாவது ஹைட்ராலிக் பிரேக்குக்கு, ரெண்டாவது லாரி, பஸ்ஸுக்கான ஏர் பிரேக்குக்கு. கிர்லிங்ன்ற பிரேக் பேர் லூகாஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஆனா ரோட்டுல டிஸ்க் வர லேட்டாச்சு. அம்பாசிடர் பல பத்தாண்டுகள் நாலு சக்கரத்துலயும் டிரம்மோட ஓடுச்சு. 1980-கள்ல வந்த ராஜ்தூத் 350 பைக்கோட ஜப்பானிய மூலத்துல முன்னாடி டிஸ்க் இருந்துச்சு. இங்க விலையைக் குறைக்க டிரம்மா மாத்தினாங்க. மாருதிக்கு அப்புறம் வந்த தலைமுறை கார்கள்லதான் முன்பக்க டிஸ்க் சாதாரணமாச்சு. 2019 ஏப்ரல்லேர்ந்து 125 சி.சி.க்கு மேல உள்ள எல்லாப் புது பைக்குக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம்னு ஆனதும் அந்த வகையில டிஸ்க் இல்லாத பைக்கைத் தேடணும்ன்ற நிலை.

அதாவது நம்ம ஊர்ப் பட்டறைகளோட கை பழகினது டிரம்மோட. ஸ்பிரிங் மாத்து, ஷூ மாத்து, அட்ஜஸ்ட் பண்ணு. கேலிப்பர் அதுக்கு அப்புறம் வந்த பாடம். ஒரு சில மில்லிமீட்டர் ரப்பரை நம்பி இருக்கிற கருவின்னு தெரிஞ்சவங்க கையில அது பல வருஷம் ஓடும். தெரியாதவங்க கையில பேடை மட்டும் மாத்தி அனுப்புவாங்க, ரெண்டே மாசத்துல வண்டி திரும்ப வரும்.

கண்டுபிடிக்கிறது: இது ஒரு டீபக்கிங் வேலை

"அண்ணே, வீல் ஒண்ணு மட்டும் சூடாவுதுண்ணே"னு போய் நிக்கிறீங்க. அனுபவப்பட்ட மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார். "எந்தப் பக்கம் தம்பி? இறக்கத்துலயா, சும்மா ஓட்டும்போதேவா? ஆறினா சரியாவுதா?"னு கேட்பார். மூணும் சரியான கேள்வி.

வெளி அறிகுறிகள் முதல்ல. மைலேஜ் குறையும். ஸ்டியரிங்கை லேசா விட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். கருகல் வாசனை. ஒரு ரிம்ல மட்டும் கறுப்புப் பொடி அதிகம். கொஞ்ச தூரம் அதிகம் பிரேக் அடிக்காம ஓட்டி நிறுத்தி, நாலு ரிம்முக்குப் பக்கத்துலயும் கையைக் காட்டிப் பாருங்க. தொடாதீங்க, டிஸ்க் தோலை உரிச்சுடும். இடதுக்கும் வலதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா சூடான பக்கம் சந்தேகம். பட்டறையில இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தா நம்பராவே தெரிஞ்சுடும்.

அடுத்து வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, மத்த சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வெச்சு, சக்கரத்தைக் கையால சுத்துங்க. பெடலை அமுக்கி விட்டுட்டுத் திரும்பச் சுத்துங்க. லேசான உரசல் சத்தம் இயல்பு. கைக்கு அடங்காம நின்னா ஜாம்.

இப்பதான் அழகான பகுதி. சந்தேகத்துக்கு நாலு பேர்: வழுக்கிற பின், பிஸ்டன், ரப்பர் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர். நாம கோட்ல பக் தேடும்போது பாதியாப் பிரிச்சுப் பிரிச்சுத் தேடுவோம்ல, அதேதான். பாதியாப் பிரிக்கிற கத்தி, கேலிப்பர் மேல இருக்கிற பிளீடர் நிப்பிள். சக்கரம் ஜாமாகி இருக்கும்போதே அதை லேசாத் திறங்க. எண்ணெய் பீச்சி அடிச்சு சக்கரம் விட்டுடுச்சுன்னா, உள்ள அழுத்தம் மாட்டிக்கிட்டிருக்கு. குற்றவாளி ஹோஸ் அல்லது மாஸ்டர் சிலிண்டர். சக்கரம் அப்பவும் விடலன்னா, இது இயந்திரப் பிடிப்பு. பின் அல்லது பிஸ்டன். ஒரே திருகல்ல நாலு பேர் ரெண்டு பேராயிடுறாங்க.

அழுத்தம் மாட்டிக்கிட்டா அடுத்த பிரிப்பு: ஹோஸுக்கு முன்னாடி இரும்புக் குழாய் சேர்ற யூனியனைத் தளர்த்திப் பாருங்க. அங்க விட்டுச்சுன்னா தப்பு மேல, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அங்க திறந்தும் விடாம நிப்பிள்ல மட்டும் விட்டுச்சுன்னா ஹோஸ். பழைய ஹோஸ் வெளிய பார்க்க நல்லாத்தான் இருக்கும். உள்பக்கம் உப்பியோ உரிஞ்சோ ஒருவழி வால்வு மாதிரி ஆயிடும். காலோட பலத்துல எண்ணெய் போகும். திரும்பி வர்றதுக்கு அந்தச் சதுர ரப்பரோட மெல்லிய இழுப்பு மட்டும்தான் இருக்கு, அது பத்தாது.

மாஸ்டர் சிலிண்டர் கதை இன்னும் சுவாரஸ்யம். அதுல ஒரு ஊசி ஓட்டை இருக்கு. பெடல் முழுசா மேல வந்தாத்தான் அது திறக்கும். சூடாகி விரியிற எண்ணெய் அது வழியாத்தான் டப்பாவுக்குத் திரும்பும். பெடல் ராடுக்குத் தளர்வே இல்லாம இறுக்கமா அட்ஜஸ்ட் பண்ணிட்டா ஓட்டை மூடியே கிடக்கும். எண்ணெய் விரியும், போக இடமில்லாம பிரேக் தானாப் பிடிக்கும், பிடிச்சா இன்னும் சூடு, இன்னும் விரியும். வண்டி நின்னு ஆறினதும் எல்லாம் சரியாயிடும். பட்டறைக்கு வரும்போது எந்தக் குறையும் இருக்காது. "ஆறினா சரியாவுதா?"ன்ற கேள்விக்கு அதனாலதான் அவ்வளவு மதிப்பு. முன் சக்கரம் ரெண்டுமே ஒண்ணாச் சூடானாலும் முதல்ல இந்தப் பக்கம்தான் பார்க்கணும்.

இயந்திரப் பிடிப்புன்னா பேடைக் கழட்டிப் பாருங்க. உள் பேட் தேஞ்சு வெளிப் பேட் புதுசு மாதிரி இருந்தாலோ, பேட் சாய்வாத் தேஞ்சிருந்தாலோ, பின் மேல சந்தேகம். ரெண்டும் நல்லா வழுக்குற பின், ஆனா பிஸ்டனை உள்ள தள்ளவே முடியலன்னா, பிஸ்டன்.

சரிபண்றது, கெடுக்காம

பின் பிரச்சினைதான் அதிகம், அதுதான் சுலபமும். கழட்டி, துரு துடைச்சு, அதுக்குன்னு விக்கிற சிலிகான் வகை கிரீஸ் போட்டு, கிழிஞ்ச ரப்பர் உறையை மாத்தி மாட்டணும். உறையை மாத்தாம கிரீஸ் மட்டும் போட்டா, அடுத்த மழைக்குத் தண்ணி திரும்ப உள்ள போகும். கிராஸ்லி கதைதான், உப்புக்குப் பதில் நம்ம ஊர்ச் சேறு.

பிஸ்டன்னா அதை வெளிய எடுக்கணும். காற்று அடிச்சு எடுக்கிறது வழக்கம். அப்ப பிஸ்டன் குண்டு மாதிரி பாயும், விரலை எதிர்ல வைக்கவே கூடாது. பிஸ்டன் மேல்பூச்சுல துருக்குழி இருந்தா உப்புத்தாள் போட்டு ஒப்பேத்தக் கூடாது, புதுசு மாத்தணும். குழி இல்லன்னா சீல் கிட் மட்டும் போதும். மாட்டும்போது புதுப் பிரேக் ஆயில் தடவி மாட்டணும். சாதாரண கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவினா அந்தச் சதுர ரப்பர் உப்பி, ரிப்பேர் பண்ணின காரணத்தையே திரும்ப உருவாக்கிடும்.

ஹோஸ்னா ஜோடியா மாத்துறது நல்லது. ஒண்ணோட வயசுதான் இன்னொண்ணுக்கும். முடிஞ்சதும் காற்று எடுக்கணும். வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி பெடலைப் பல தடவை அமுக்கி இறுக்கம் வருதான்னு பார்க்கணும். பின்னாடி டிஸ்க்கோட ஹேண்ட்பிரேக் சேர்ந்த கேலிப்பர்னா பிஸ்டனைச் சும்மா அமுக்கக் கூடாது, பல வண்டிகள்ல திருகித்தான் உள்ள தள்ளணும். இதையெல்லாம் வீட்டு வாசல்ல வீடியோ பார்த்து முதல் தடவையா செய்யாதீங்க. கண்டுபிடிக்கிறதை நீங்க செய்யுங்க. கழட்டுறதைப் பழகின கை செய்யட்டும். என்ன பிரச்சினைன்னு தெரிஞ்சு போனா, பேடை மட்டும் மாத்தி அனுப்புற கடையில நீங்க ஏமாற மாட்டீங்க.

மலையிறங்கும்போது என்ன ஆகும்

இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேட்டா, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அயோத்தியாப்பட்டணத்துக்கு இறங்கினா கிட்டத்தட்ட 1,200 மீட்டர் கீழ வர்றோம். நாலு பேரோட ஒரு சின்ன கார் 1,300 கிலோன்னு வைங்க. அந்த இறக்கத்துல வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 15 மெகாஜூல். 50 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு. கியர்ல இறங்கினா அதுல கணிசமானதை இன்ஜின் வாங்கிக்கும். நியூட்ரல்ல இறங்கினா பெரும்பகுதி நாலு பிரேக் தலையில.

இப்ப ஒரு சக்கரம் ஏற்கெனவே ஜாமாகி உரசிக்கிட்டே மலையேறி வந்திருக்குன்னு வைங்க. இறக்கம் ஆரம்பிக்கும்போதே அது கொதி. கிளைக்கால் வகை பிரேக் ஆயில் காத்துலேர்ந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் குறைஞ்சபட்சம் 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்றது விதி. ஈரம் ஏறின பிறகு அந்த வரம்பு 140. டாட் 4-க்கு 230, 155. எண்ணெய் கொதிச்சா ஆவி. ஆவியை அமுக்கினா சுருங்கும், சக்கரத்துக்கு அழுத்தம் போகாது, பெடல் தரையைத் தொடும்.

பாருங்க, எங்க வந்து நிக்குறோம்னு. விடாத பிரேக்தான் கடைசியில பிடிக்காத பிரேக்கா மாறுது. ரெண்டும் எதிரெதிர் நோய் இல்ல. ஒண்ணு மத்ததோட முதல் கட்டம். தொப்பூர் கணவாய்ல டீசல் மிச்சம் பண்ண நியூட்ரல்ல இறங்குற லாரிகளைப் போலீஸ் எச்சரிக்கிறதும் இதே இயற்பியலுக்காகத்தான். அதனால மலைக்குப் போறதுக்கு முந்தின நாள் டயர்ல காத்து பார்க்கிற மாதிரி, சூடும் பாருங்க. ரெண்டு வருஷமா மாத்தாத பிரேக் ஆயிலை மாத்துங்க. இறங்கும்போது ஏறின கியர்லயே இறங்குங்க. கருகல் வாசனை வந்தா பாதுகாப்பா ஓரங்கட்டி ஆற விடுங்க; டிஸ்க் மேல தண்ணி ஊத்தாதீங்க, கோணிடும்.

அடுத்த வில்லன்: ஓய்வு

2020 மார்ச் ஊரடங்கு ஞாபகம் இருக்கா? மாசக்கணக்கா நின்ன வண்டிகளைத் திரும்ப எடுத்தப்ப, பேட்டரிக்கு அடுத்தபடியா பலரைப் படுத்தினது ஒட்டிக்கிட்ட பிரேக். ரொம்ப நாள் நிறுத்தும்போது சமதளத்துல ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைங்கன்னு சொல்றது அதுக்குத்தான். கேலிப்பர் உழைச்சுக் கெடுறதை விட, சும்மா நின்னு கெடுறது அதிகம்.

மின்சார வண்டிகள்ல இது நிரந்தரப் பிரச்சினை. மோட்டாரே வேகத்தைக் குறைச்சு பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்திடுது. கேலிப்பருக்கு வேலையே குறைவு. வேலை இல்லாத பின்னும் பிஸ்டனும் துருப்பிடிக்கும். ஃபோக்ஸ்வாகன் தன்னோட ஐ.டி.3, ஐ.டி.4 மின்சார கார்கள்ல பின்னாடி டிரம் பிரேக்குக்கே திரும்பினாங்க. மூடின டப்பா, மழை உள்ள வராது, திருப்பி இழுக்க ஸ்பிரிங் இருக்கு. லூயி ரெனோ எங்கேயாவது சிரிச்சுக்கிட்டிருப்பார்.

இந்த வாரம் உங்க வண்டியை ஒரு தடவை சுத்தி வந்து நாலு ரிம்மோட சூட்டையும் பாருங்க. பைக்னா சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைச் சுத்தி விட்டு, எத்தனை சுத்து சுத்தி நிக்குதுன்னு எண்ணிப் பாருங்க. ஒரே சுத்துல நின்னா என்ன பண்ணணும்னு இப்ப உங்களுக்குத் தெரியும். அடுத்த எபிசோடுல ரேடியேட்டர். சந்திப்போம்.